பத்மாவதி கால் வைக்காத வீடு

ஏம்மா, இந்த பஸ்சு வளத்தி ஊருக்குள்ள போவுமா, இல்ல மெயின் ரோட்டுலயே எறக்கி வுட்டுருவானா? உள்ள போவுமா? நல்லதாப் போச்சு. இந்தப் பைய வச்சிக்கிட்டு என்னால நடக்க முடியாது. கொஞ்சம் நவுந்துக்கோம்மா, அகத்திக்கீரை கசங்கிடும். மாட்டுக்குத்தான். இல்லல்ல, எங்கிட்ட மாடு எங்க இருக்கு? மாடு வச்சிருக்கிறவனத் தேடித்தான் போறேன்.

நீ எதுவரைக்கும்? சேத்துப்பட்டா? அப்ப பேசிக்கிட்டே போலாம். பஸ்சுல வாய மூடிக்கிட்டு வந்தா எனக்குத் தலை சுத்தும். எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, உனக்கு மாத்திரை வேணாம் ரஞ்சிதம், பக்கத்து சீட்டுல ஒரு ஆள் இருந்தாப் போதும்னு. அவரு போயி நாலு வருஷம் ஆச்சு. கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தாரு. நல்ல மனுசன்.

நமக்கு வீடு திண்டிவனத்துல, கோகுலம் நகர். பைபாஸ்லேருந்து வரும்போது ஒரு பெரிய வளைவு இருக்கும் பாரு, கிருஷ்ணர் மாட்டு மேல சாஞ்சிக்கிட்டு புல்லாங்குழல் ஊதுற மாதிரி, அதான். அப்ப அது வெறும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்டுக்கிட்டு இருந்த நெலம். நாங்க வாங்கி வீடு கட்டும்போது நரி கூட வராது. இன்னிக்குப் பாரு, டாக்டர் இருக்காரு, வாத்தியாருங்க இருக்காங்க, எல்லாம் கௌரவமான குடும்பம். அந்த அத்தன கௌரவமான வீட்டுக்குள்ளயும் மொதக் கால் எடுத்து வச்சது யாருங்கிறே? நம்ம வெங்கட்டம்மாவோட மாடு.

பூம்பூம் மாட்டுக்காரங்க தெரியும்ல? அவங்கதான். நகருக்கு எதிர்ல களத்துப் பொறம்போக்கு ஒண்ணு இருந்துச்சு. அதுல பத்துப் பன்னெண்டு குடும்பம் கூடாரம் அடிச்சிருந்தாங்க. நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தாங்கன்னு சொல்லுவாங்க, நமக்கென்ன தெரியும். வெங்கட்டம்மா புருஷன் சென்னய்யா காளைய ஜோடிச்சு உறுமி அடிச்சிக்கிட்டு ஊரூரா போவான். இவ பசுவையும் கன்னையும் வச்சிக்கிட்டு புதுமனை புகுற வீடுங்களுக்குப் போவா. காளை பேரு கோவிந்தன். பசு பேரு பத்மாவதி. பெருமாளக் கும்புடுறவங்க. நான்கூட கேலி பண்ணுவேன், ஏண்டி, திருப்பதியையே கயத்துல கட்டி இழுத்துக்கிட்டு வர்றியேன்னு. சிரிப்பா. முன்பல்லு ஒண்ணு இருக்காது. ஆனா சிரிச்சா நல்லாத்தான் இருப்பா.

எங்க வீட்டுப் புதுமனை அன்னிக்கு என்னா ஆச்சு தெரியுமா? ஐயரு மந்திரம் சொல்றாரு, முகூர்த்தம் ஓடுது, மாடு வாசப்படியிலயே நின்னுடுச்சு. உள்ள வரமாட்டேங்குது. அப்பதான் புதுசா வந்த டைல்ஸ், கண்ணாடி மாதிரி. எங்க வீட்டுக்காரரு ஆசப்பட்டுப் போட்டது. மாட்டுக்குக் குளம்பு வழுக்குது, ஒரு காலு வைக்குது, பயந்து இழுத்துக்குது. மாடு நுழையாத வீட்டுல மகாலட்சுமி எப்பிடி நுழைவா? வெங்கட்டம்மா பதறவே இல்ல. தோள்ல ஒரு ஒட்டுப் போர்வை போட்டிருப்பா எப்பவும். ஊரெல்லாம் குடுக்கிற பழைய சீலை, சட்டை, துப்பட்டா எல்லாத்தையும் சேத்துத் தச்சது. காளைக்கு மேல போடுவாங்களே, அதே போர்வைதான். அத எடுத்து வாசல்லேருந்து நடுக்கூடம் வரைக்கும் விரிச்சா. மாட்டுக் காதுல அவங்க பாஷையில என்னமோ சொன்னா. ஜம்முனு நடந்து வந்துச்சு பாரு பத்மாவதி! வந்து, சாமி மூலையில நின்னு சாணி போட்டுச்சு. ஐயரே கை தட்டிட்டாரு. அந்த வருஷமே என் பொண்ணு மணிமொழிக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நம்பிக்கை இல்லாம இருக்க முடியுமா, நீயே சொல்லு.

அதனால அவங்க மேல எனக்கு எப்பவும் ஒரு இதுதாம்மா. பழையது இருந்தா குடுப்பேன். தீவாளிக்கு முறுக்கு குடுப்பேன். வாசல்ல உக்காரவச்சு காபிகூட குடுப்பேன், தனி டம்ளர் ஒண்ணு வச்சிருந்தேன் அவளுக்குன்னே. அவ்ளோ பாசம்.

அப்புறம்தான் அந்தப் பட்டாப் பேச்சு வந்து சேந்துச்சு.

அவங்க இருந்த அதே களத்துலயே அவங்களுக்கு வீட்டுமனைப் பட்டா குடுத்து, தொகுப்பு வீடு கட்டித் தர்றதா கவுருமெண்டுல முடிவு பண்ணிட்டாங்க. பக்கத்துலயே மாட்டுக்கொட்டாய்க்கும் எடம். வெங்கட்டம்மா ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டா. "அம்மா, எங்களுக்கும் வூடு வருதும்மா. பத்மாவதிய மொதல்ல எங்க வூட்டுக்குள்ள வுடணும்மா. ஊருக்கெல்லாம் வுட்டாச்சு, இது எங்க வூடு"ன்னு. எனக்குச் சந்தோஷம்தான். இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுவிடும்.

ஆனா நகர்ல சும்மா இருப்பாங்களா? பிள்ளையார் கோயில் கொட்டாய்ல கூட்டம் போட்டாங்க. தணிகாசலம் சாருதான் சங்கத் தலைவரு, ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, இன்னும் விசில் ஊதுற மாதிரிதான் பேசுவாரு. கூடாரம்னா இன்னிக்கு இருக்கும் நாளைக்குப் போவும், பட்டா குடுத்துட்டா பரம்பரைக்கும் நம்ம வாசல்லதான்னாரு. டாக்டரு கொசு வரும்னாரு. ஒருத்தரு மனை விலை விழுந்துடும்னாரு. மாட்டுச் சாணி நாத்தம்னு சொன்னது யாருங்கிறே? தன் வீட்டுப் புதுமனையில பத்மாவதி சாணி போட்டப்ப அத வழிச்சு எடுத்து தொட்டிச்செடிக்குப் போட்ட ஆளு! நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். வெளிய சிரிக்க முடியுமா?

அங்க பட்டா குடுக்கக் கூடாதுன்னு ஒரு மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. நானும் போட்டேன். போடாம என்ன பண்றது? புருஷன் இல்லாத பொம்பள, நாளைக்கு ராத்திரி நெஞ்சு வலின்னா காரு எடுத்துட்டு வரப்போறது தணிகாசலம் சாரா, சென்னய்யாவா? ஊரோட ஒத்து வாழ்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

ஜன்னல கொஞ்சம் சாத்தும்மா, காத்து மூஞ்சில அடிக்குது. கண்ணுல தண்ணி வருது பாரு.

அப்புறம் ஒரு அதிகாரி அம்மா விசாரிக்க வந்தாங்க. சின்ன வயசுதான், பொறுமையான பொண்ணு. ரெண்டு பக்கமும் கேக்கணும்னாங்க. கோயில் கொட்டாய்ல நாங்க எல்லாம் நாற்காலியில. வெங்கட்டம்மா ஆளுங்க எதிர்ல தரையில. இந்தச் சென்னய்யா என்னா பண்ணான் தெரியுமா? பைத்தியக்காரன், கோவிந்தன ஜோடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டான். கொம்புக்குச் சலங்கை, கழுத்துக்கு மணி, முதுகுல அந்த ஒட்டுப் போர்வை. நல்ல காரியத்துக்குப் போறப்ப காளை இல்லாம போவ மாட்டாங்களாம். அவங்களுக்காகச் சாட்சி சொல்ல சாமியே வந்த மாதிரி அவனுக்கு. உறுமிய ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, "சொல்லுடா கோவிந்தா, இந்தத் தாயி நமக்கு நல்லது பண்ணுவாங்களா?"ன்னான். காளை ஆமாம் ஆமாம்னு தலைய ஆட்டுச்சு. அந்த அதிகாரிப் பொண்ணுக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

தணிகாசலம் சாரு எழுந்தாரு. சும்மா இருக்க மாட்டாரே. அதே மாதிரி ராகம் போட்டு, "சொல்லுடா கோவிந்தா, இவங்களுக்கு இங்க எடம் குடுக்கக் கூடாது, அப்பிடித்தானே?"ன்னாரு. கோவிந்தன் அதுக்கும் ஆட்டுச்சும்மா. மணி கிணிகிணின்னு அடிக்க, ஆமாம் ஆமாம்னு ஆட்டுச்சு. அதுக்கு என்னா தெரியும்? யாரு கொரல உசத்திக் கேட்டாலும் ஆமாம் சொல்லத்தான் பழக்கி வச்சிருக்கான். வீட்டு வாசல்ல நின்னு இல்லேன்னு சொன்னா எவ அரிசி போடுவா? அதுக்கு இல்லேன்னு சொல்லவே சொல்லித் தரல.

கொட்டாயே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சுட்டேன், பொய் சொல்லக் கூடாது, சிரிப்பு வர்ற மாதிரிதான் இருந்துச்சு. சென்னய்யா மட்டும் காளை கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, அத ஆடாம நிறுத்தப் பாத்தான். அது அவனையும் சேத்து ஆட்டிக்கிட்டே இருந்துச்சு.

அப்பதான் வெங்கட்டம்மா எழுந்தா. நேரா என்னையக் காட்டுனா. "அந்த ரஞ்சிதம்மாவக் கேளுங்க தாயி. அவங்களுக்கு எங்களப் பத்தித் தெரியும். அவங்க வூட்ல மொதக் காலு என் மாடுதான் வச்சது"ன்னா. அத்தன பேரும் என்னையத் திரும்பிப் பாக்குறாங்க. அதிகாரி, "சொல்லுங்கம்மா, இவங்க இங்க இருந்தா உங்களுக்கு ஏதாவது தொந்தரவா?"ன்னாங்க.

நான் உள்ளதச் சொன்னேன். "நல்ல மாடுங்க. ரொம்ப ராசியான மாடு"ன்னேன்.

அவங்க, "மாட்டக் கேக்கலம்மா. ஆளுங்களக் கேக்குறேன்"னாங்க.

"அத... சங்கத்துல என்ன சொல்றாங்களோ அதாங்க"ன்னேன்.

அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. ஒரு பொல்லாப்பு சொன்னேனா? திருடுறாங்கன்னேனா, குடிக்கிறாங்கன்னேனா? மத்தவங்க என்னென்னமோ சொன்னாங்க. நான் அவங்கள ஒரு குத்தம் சொல்லல. வேற யாரா இருந்தா அந்த எடத்துல என்னா பேசியிருப்பாங்களோ. வெங்கட்டம்மா கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. நான் இன்னும் ஏதோ சொல்லப்போறேன்னு நெனச்சா போல. அப்புறம் உக்காந்துக்கிட்டா.

மேல எங்கயோ பேசி முடிவு பண்ணாங்க. களத்துல வேணாம், நாலு வழிச் சாலைக்கு அந்தாண்ட கல்குவாரி பக்கத்துல எடம் குடுத்துடலாம்னு. பட்டா கெடச்சுதும்மா அவங்களுக்கு! அது யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல. வெறுங்கையோடவா போனாங்க? தண்ணிதான் இல்ல. மாடுகன்ன ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள வரணும்னா அந்த ரோட்டத் தாண்டணும். பஸ்சுல பாத்திருப்பியே, வண்டிங்க எப்பிடிப் பறக்கும். நடுவுல இருக்கிற செடித்திட்டு மேல மாட்ட ஏத்தி எறக்கிக்கிட்டு வருவா. களம் இப்ப எப்பிடி இருக்குங்கிறியா? பூங்கா வைக்கிறோம்னாங்க. வேலிக்காத்தான் முள்ளு மண்டிக் கெடக்கு. குப்பையெல்லாம் அங்கதான் கொட்டுறாங்க. முன்னக் கொசு இல்ல, இப்பதான் கொசு.

அதுக்கப்புறமும் வெங்கட்டம்மா எங்கிட்ட முகம் சுளிச்சதில்ல. வருவா. ஆனா காபி குடுத்தா, இப்பதாம்மா குடிச்சேன்னு சொல்லிடுவா. எங்க போயி குடிச்சிருப்பா? கல்குவாரியில காபிக்கடையா இருக்கு?

போன ஆவணியில என் பொண்ணுக்குப் புதுமனை. என் வீட்டுக்குப் பக்கத்து மனையிலயே கட்டுனோம். அவளும் மாப்பிள்ளையும் ஓசூர்லேருந்து இங்கயே வந்துடுறதா ஏற்பாடு. சுவத்துக்குச் சுவரு, நான் கூப்புட்டா அவளுக்குக் கேக்கணும், அதான் என் ஆசை. வேற என்னா இருக்கு எனக்கு? வெங்கட்டம்மாவுக்கு நானே போன் போட்டேன். "பத்மாவதிய விட்டா வேற மாடு எனக்கு வேணாம். விடியக்காலம் முகூர்த்தம், லேட் பண்ணிடாத"ன்னேன். பத்மாவதி அப்பதான் கன்னு போட்டிருந்துச்சு. "கன்னு சின்னதும்மா, ரோட்டுக்கு மெரளுது"ன்னா. "கன்னு இல்லாம எப்பிடிடி, கன்னோட வந்தாத்தான் லட்சணம்"னேன். அப்புறம் ஞாபகமா, "அந்தப் போர்வைய எடுத்துட்டு வா, இந்த வீட்டுத் தரை அதைவிட வழுக்கும்"னும் சொன்னேன். சரிம்மான்னா.

ஐயரு வந்தாச்சு. சொந்தக்காரங்க வந்தாச்சு. மாடு வரல. நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்குறேன். மணி ஆவுது. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "பாத்தியா, பழைய மனஸ்தாபத்த வச்சிக்கிட்டுக் கழுத்தறுத்துட்டா"ன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னேன். மணிமொழி, சும்மா இரும்மான்னா. கடைசியில ஐயரு பையிலேருந்து ஒரு வெள்ளிப் பசு எடுத்தாரு, உள்ளங்கை அளவு. அத ஒரு தாம்பாளத்துல வச்சு வாசல்லேருந்து உள்ள தூக்கிட்டுப் போனாங்க. தாம்பாளத்துல போனா அது காலடி வச்சதா ஆவுமா? சொல்லு.

பால் பொங்கிக்கிட்டு இருக்கும்போது பால்காரன் வந்து சொன்னான்.

நான் பட்டுப்பொடவையோட அப்பிடியே ஓடுனேன். மணிமொழியும் பின்னாடியே வந்தா. பத்மாவதி ரோட்டோரம் கெடந்துச்சு, கொம்புல மஞ்சக்குங்குமம் வச்சு, கழுத்துல சாமந்திப்பூ மாலை போட்டு. விசேஷத்துக்குன்னு ஜோடிச்சிருந்தா. கன்னு செடித்திட்டு மேல நின்னு கத்துது. அதுதான் மெரண்டு ஓடியிருக்கு, அதப் புடிக்க இவ திரும்பியிருக்கா, பசுவும் அவ பின்னாடியே திரும்பியிருக்கு, லாரி வந்து அடிச்சிடுச்சு. வெங்கட்டம்மாவ மூடி வச்சிருந்தாங்க. எதாலன்னு நெனைக்கிறே? அந்தப் போர்வைதான். வேற துணி யாருகிட்ட இருக்கும் அந்த ரோட்டுல? அதுல என் வெங்காயக் கலர் சீலைத் துண்டு ஒண்ணு இருந்துச்சு. நான் குடுத்ததுதான். தூரத்துலேருந்தே தெரிஞ்சுச்சு.

அழுதேம்மா. என் கூடப் பொறந்தவ செத்தப்பகூட அப்பிடி அழுவல. கிட்டப் போயி மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு. ஆனா புதுமனை அன்னிக்கு சாவத் தொட்டுட்டுத் திரும்பி அந்த வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது? நான் இந்தாண்டயே நின்னுட்டேன். மணிமொழிதான் தாண்டிப் போனா. ரோட்டுலயே உக்காந்து வெங்கட்டம்மா காலப் புடிச்சுக்கிட்டா.

அதுலேருந்து அவ அந்த வீட்டுல படுக்க மாட்டேங்குறா. மறுநாளே பூட்டிட்டு ஓசூர் போயிட்டா. வாசப்படியப் பாத்தா அந்தப் போர்வைதான் தெரியுதாம். போன் பண்ணா ரெண்டு வார்த்த. ஒரு நாள் நான் வற்புறுத்துனதுக்கு, "அம்மா, அன்னிக்கு அந்தக் கொட்டாய்ல நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க எதிர்லயே இருந்திருப்பாங்க. தெருவத் தாண்டி வந்திருப்பாங்க"ங்கிறா. பெத்த தாயப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? கையெழுத்துப் போட்டவங்க அத்தன பேரு, நான் ஒருத்தி சொன்னா நடந்துடுமா? லாரிக்காரன் நானா? விதி யாரு எழுதுனது? நல்ல மாடுன்னுதானே சொன்னேன். நல்லதுதானே சொன்னேன்.

சாயங்காலம் ஆனா என் வீட்டுல வெளக்கு எரியும். பக்கத்துல இருட்டா இருக்கும். சுவத்துக்குச் சுவரு.

நான் யோசிச்சுப் பாத்தேன். இதுக்கெல்லாம் காரணம் ஒண்ணுதான். மாடு கால் வைக்காத வீடு அது. அத சரி பண்ணிட்டா அவ மனசும் சரியாயிடும். ஐயரக் கேட்டேன், தை மாசம் நாள் இருக்கு, பசு இல்லேன்னா கன்னே போதும்னுட்டாரு. அந்தக் கன்னு பொழச்சுதுல்ல? பொட்டக் கன்னு. வெங்கட்டம்மா அதுக்கு அலமேலுன்னு பேரு வச்சிருந்தா. சென்னய்யா அந்தக் கல்குவாரி வேணாம்னு பட்டாவையும் போட்டுட்டு, காளையும் கன்னுமா எங்கயோ போயிட்டான். வளத்தி தாண்டி ஒரு ஏரிக்கரையில இருக்கான்னு நம்ம பால்காரன் பாத்துட்டு வந்து சொன்னான். இப்பல்லாம் உறுமி அடிக்கிறதில்லையாம். கோவிந்தன ஜோடிக்கிறதும் இல்லையாம். ஆனா யாராவது கொஞ்சம் சத்தமாப் பேசுனா அது மட்டும் நின்ன எடத்துலயே தலைய ஆட்டிக்கிட்டு இருக்காம்.

அகத்திக்கீரை வாங்கிட்டேன். வாழப்பழம் இருக்கு. இந்தா பாரு, இதையும் வாங்கிட்டேன். தொட்டுப் பாரேன். கடையில இருக்கிறதுலயே கெட்டியான போர்வை, ரோஜாப்பூப் போட்டது. அவன் ஒண்ணும் எடுத்துட்டு வர வேணாம். நானே விரிச்சுடுவேன், வாசல்லேருந்து நடுக்கூடம் வரைக்கும். கன்னுக்குக் குளம்பு வழுக்கக் கூடாதுல்ல?

வளத்தி வந்துடுச்சா? அதான் அந்த ஏரிக்கரையா? பைய எடுத்துக் குடும்மா.

ஏம்மா, அவன் வருவான்ல? என் கூட அவனுக்கு என்ன பகை? நான் ஒரு பொல்லாப்பும் சொல்லலியே. கூப்புட்டா கன்ன ஓட்டிக்கிட்டு வருவான்தானே? என்னம்மா, அப்பிடிப் பாக்குறே? இவ்ளோ நேரம் கேட்டே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறியே. வாயால சொல்ல வேணாம்மா. வருவான்னு சும்மா தலையயாச்சும் ஆட்டேன்.